முதல் சுற்றில் எதுவும் வாங்காதே

செப்டம்பர் 5

தம்பிக்கு,

அக்கா எழுதறேன். போன்ல பேசினா மூணாவது நிமிஷம் சண்டையில போய் முடியுது. அதனாலதான் இனிமே லெட்டர்னு போன மாசம் முடிவு பண்ணினோம். இதுல ஒரு நல்லது, நான் சொல்லி முடிக்கற வரைக்கும் நீ நடுவுல புகுந்து பேச முடியாது.

விஷயம் இதுதான். எங்க பள்ளிக்கூட நூலகத்துக்குப் பதிப்பகங்கள் அனுப்பற பட்டியல்ல ஒரு புது நாவல் விளம்பரம் வந்திருந்துச்சு. எழுதினவங்க பேரு நான் கேள்விப்படாத பேரு. பக்கத்துல போட்டோ. பாத்ததும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நம்ம வாலுடா. முடியைக் குட்டையா வெட்டியிருக்கா, கண்ணாடி போட்டிருக்கா, ஆனா அந்த முறைப்பு மட்டும் அப்படியே இருக்கு. என் பொண்ணு முகத்தைப் பாத்து ஏழு வருஷம் ஆச்சு. கடைசியில அவளை ஒரு விலைப்பட்டியல்ல பாக்க வேண்டியதா போச்சு.

உங்க ஊர்ல நடக்கற பெரிய புத்தகக் கண்காட்சியில, மூணு சனிக்கிழமையும் மூணு மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும் அவ அந்தப் பதிப்பகத்தோட கடையில உக்காந்து கையெழுத்துப் போட்டுக் குடுப்பாளாம். கண்காட்சி முடிஞ்சா மறுபடியும் எந்த ஊருக்குப் போவாளோ தெரியாது. நீ போகணும். போய் ஒரே ஒரு கேள்வி கேக்கணும். அம்மா வந்தா பேசுவியா, மாட்டியா? அவ்வளவுதான். பதில் என்னவா இருந்தாலும் மழுப்பாம எனக்கு எழுது.

நான் ஏன் வரலைன்னு கேப்ப. இங்க புத்தகச் சரிபார்ப்பு நடக்குது, நகர முடியாது.

நீ புத்தகக் கண்காட்சிப் பக்கமே தலை வச்சுப் படுத்ததில்ல. அதனால கவனமாக் கேளு. கதவு திறக்கற நேரத்துக்கே போயிடு. சாப்பாட்டுக்கு அப்புறம் போனா ஜனங்க தலையைத்தான் பாக்கலாம். பழைய செருப்பு போட்டுக்க, புதுசு நாலாவது வரிசையில கடிக்க ஆரம்பிச்சுடும். வாசல்ல அரங்கு வரைபடம் குடுப்பாங்க, அதைச் சட்டைப்பையில வை. பெரிய பையில போட்டா வீட்டுக்கு வந்தப்புறம்தான் கிடைக்கும். எல்லாரும் முதல் வரிசையில ஆரம்பிப்பாங்க, நீ கடைசி வரிசையில ஆரம்பி. முக்கியமான விஷயம், முதல் சுற்றில் எதுவும் வாங்காதே. கையை வீசிக்கிட்டு ஒரு முழுச் சுற்று போ. எங்கயும் நிக்காதே. பிடிச்சிருந்தா கடை எண்ணை மட்டும் சீட்டுல குறிச்சுக்க. ரெண்டாவது சுற்றுலதான் பையைத் திறக்கணும். இது தெரியாதவங்க மத்தியானத்துக்குள்ள ரெண்டு கையும் நிறையத் தூக்கிட்டு, நிஜமா வேண்டியது எதிர்ல வரும்போது தோள் செத்துப்போய் நிப்பாங்க. இருபத்தெட்டு வருஷமா பாத்துட்டேன். போறதுதான் போற, அப்படியே குழந்தைகள் புத்தகம் போடறவங்க பட்டியல் ஒண்ணு விடாம வாங்கிட்டு வா.

அவகிட்ட சிரிச்சுப் பேசு. ஆனா உன் வழக்கமான ஜோக்கெல்லாம் வேண்டாம்.

அக்கா

*

செப்டம்பர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டறதுன்னா மொத்தமாத் திட்டிடு. முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன்.

காலையிலேயே கிளம்பினேன், பழைய செருப்புகூடப் போட்டுட்டேன். வாசப்படி தாண்டறதுக்குள்ள போன். ஒரு ஆஸ்பத்திரியில லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னு போச்சு, உள்ள ஆறு பேர். லிஃப்ட் மெக்கானிக் பொழப்புக்கு சனிக்கிழமை ஏது, ஞாயித்துக்கிழமை ஏது? அவங்களை வெளிய எடுத்து, ரோப்பைச் சரி பண்ணி, கண்காட்சிக்குப் போய்ச் சேரும்போது மணி ரெண்டரை. அம்மாடி, என்ன கூட்டம்! நம்ம ஜனங்க இவ்வளவு படிக்கறாங்களா? அப்புறம் ஏன் ஒருத்தருக்கும் லிஃப்ட்ல எழுதி ஒட்டியிருக்கறதைப் படிக்கத் தெரியல?

நீ சொன்னதை அட்சரம் பிசகாம செஞ்சேன் அக்கா. வரைபடம் சட்டைப்பையில. கடைசி வரிசையில ஆரம்பிச்சேன். கை வீசிக்கிட்டு நடந்தேன். குழந்தைகள் பட்டியல் பதினேழு கிடைச்சுது, இதோட தனியா கட்டி அனுப்பியிருக்கேன். மூணு இருபதுக்குப் பதினோராவது வரிசைக்கு வந்தேன். நிமிந்து பாத்தா, எதிர்ல வாலு உக்காந்திருக்கா.

பச்சைச் சட்டை. ஒரு சின்ன மேஜை. காலேஜ் பொண்ணுங்க ரெண்டே ரெண்டு பேர் நின்னுட்டிருந்தாங்க, வேற யாரும் இல்ல. அவ ஏதோ சொல்லிச் சிரிச்சா. நான் அப்படியே நின்னேன். அவ என்னைப் பாக்கல. நீதான முதல் சுற்றுல எங்கயும் நிக்காதேன்னு எழுதியிருந்த? கடை எண் 214-ன்னு சீட்டுல குறிச்சுக்கிட்டேன். நடையைக் கட்டினேன். மிச்சம் பத்து வரிசையையும் முடிச்சுட்டு ரெண்டாவது சுற்றுக்கு வந்தா மணி அஞ்சு பத்து. நாற்காலி காலி.

பதிப்பகத்துக்காரரைக் கேட்டேன். இப்பத்தான் போனாங்க சார்ன்னார். அட்ரஸ் தரமாட்டாராம். நான் அவளோட மாமான்னு சொன்னேன். இந்த வாரத்துல நீங்க மூணாவது மாமா சார்ன்னு சொல்லிச் சிரிச்சார்.

அடுத்த சனிக்கிழமை எந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்னாலும் சரி, நான் போகமாட்டேன். லீவு சொல்லிட்டேன்.

தம்பி

*

செப்டம்பர் 16

தம்பிக்கு,

உன்னை என்ன சொல்லித் திட்டறதுன்னே தெரியல. எவனாவது இப்படிப் பண்ணுவானாடா? பெத்த பொண்ணைத் தேடி அனுப்பினா கடை எண்ணைக் குறிச்சுட்டு வந்திருக்கான்! ரெண்டு பேர்தான் நின்னாங்களாம். ரெண்டே ரெண்டு பேர். இந்த ஒரு வரியைப் படிச்சுப் படிச்சு எனக்கு மண்டை வெடிக்குது.

சரி விடு. உன்னைச் சொல்லி என்ன பிரயோஜனம்? உனக்குப் பயம். அவ முன்னால போய் நிக்கப் பயந்துக்கிட்டு நான் சொன்ன முதல் சுற்று விதியைச் சாக்கு வச்சுக்கிட்ட. உன்னை எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல பரீட்சை மார்க்கை மறைக்கும்போதும் டீச்சர்தான் அப்படிச் சொன்னாங்கன்னுதான் சொல்லுவ.

நானும் பொய்தான் சொன்னேன். புத்தகச் சரிபார்ப்பு போன மாசமே முடிஞ்சு போச்சு. நான் எதிர்ல வந்து நின்னா அவ எழுந்து போயிடுவாளோன்னு பயமா இருக்கு. அத்தனை பேர் பாக்க எழுந்து போனா நான் எப்படி வெளிய நடந்து வருவேன்?

அவ கேட்டா இதைச் சொல்லு. உனக்குத் தெரிஞ்சதுதான், திரும்பச் சொல்றேன். வீட்டுக் கூரை ஒழுகுதுன்னு, அவ கதை எழுதி வச்சிருந்த நாலு நோட்டையும் நூலகத்துல என் அறை அலமாரியில கீழ்த்தட்டுல வச்சிருந்தா. வருஷா வருஷம் கிழிஞ்சது, யாரும் எடுக்காதது, பதிவேட்டுல இல்லாதது எல்லாத்தையும் நான் கழிச்சுக் கட்டி காகித ஆலைக்கு அனுப்புவேன். அந்த வருஷம் மேலுக்குப் பாத்துட்டு இதையும் சேர்த்துக் கட்டிட்டேன். அவளோட நோட்டுன்னு எனக்குத் தெரியாது. அவகிட்ட வேற பிரதி கிடையாது. அதுக்கு நான் மன்னிப்புக் கேக்காம, பதிவேட்டுல இல்லாதது என் அலமாரியில எதுக்கு இருக்கணும்னு கத்தினேன். அது தப்பு. அந்தத் தப்புக்கு மன்னிப்புக் கேக்கறேன்னு சொல்லு.

இந்தத் தடவை சுற்றும் வேண்டாம், சீட்டும் வேண்டாம். நேரா 214.

அக்கா

*

செப்டம்பர் 20

அக்காவுக்கு,

நேரா 214-க்குத்தான் போனேன். மூணு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போதே முதல் ஆளா நின்னேன். பாத்ததும் அவளுக்கு என்ன பண்றதுன்னே தெரியல. பேனாவைக் கீழ போட்டுட்டு எழுந்து வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "மாமா, கையில இன்னும் அதே கிரீஸ் நாத்தம்" அப்படின்னா. நீ ஜோக் சொல்லாதேன்னு சொன்ன. சொல்ல வந்தாத்தானே.

கடைக்குப் பின்னால புத்தகக் கட்டுங்களுக்கு நடுவுல ஸ்டூல் போட்டு உக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்தா. என் முட்டி வலி எப்படி இருக்குன்னு கேட்டா. அத்தை இன்னும் உங்களை மிரட்டறாங்களான்னு கேட்டா. நாங்க வீடு மாத்தினதைக் கேட்டா. உன்னைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை கேக்கல. நானாத்தான் ஆரம்பிச்சேன். நீ எழுதினதை அப்படியே சொன்னேன். மேலுக்குப் பாத்துட்டுக் கட்டிட்டாங்க, உன் நோட்டுன்னு தெரியாது, கத்தினதுக்கு மன்னிப்புக் கேக்கறாங்கன்னு.

அவ டீயை வச்சுட்டு என்ன சொன்னா தெரியுமா? கோபமாச் சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்ல அக்கா. சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி நிதானமாச் சொன்னா.

"மாமா, அம்மா ஒரு புத்தகத்தைக்கூடப் பத்துப் பக்கம் படிக்காமக் கழிச்சது கிடையாது. அலமாரி பக்கத்துல நின்னுக்கிட்டே படிப்பாங்க. அட்டை போனது, கரையான் அரிச்சது எதுவா இருந்தாலும் சரி. பத்துப் பக்கம் படிச்சாத்தான் கட்டுல வைப்பாங்க. படிக்காம ஒண்ணைத் தூக்கிப் போடறது பாவம்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவங்கதான். நான் அந்த மேஜைக்கு அடியில உக்காந்து வளந்தவ. என் நோட்டை மட்டும் படிக்காமப் போட்டாங்களா?"

நானும் டீயைக் கீழ வச்சேன். அவளே சொன்னா. "நோட்டு போனதுக்கு நான் வீட்டை விட்டுப் போகல மாமா. அதை மறுபடி எழுதிக்கலாம். பாக்கவே இல்லைன்னு என் முகத்தைப் பாத்துச் சொன்னாங்க பாருங்க, அதுக்குத்தான் போனேன்."

நீ வந்தா பேசுவாளான்னு கேட்டேன். "இது கண்காட்சி, யார் வேணும்னாலும் வரலாம். வரிசையில நின்னா கையெழுத்துப் போட்டுத் தருவேன்" அப்படின்னா. இதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குப் புரியல. உனக்குப் புரிஞ்சா சரி.

இப்ப நான் கேக்கறேன். படிச்சியா, இல்லையா? ஏழு வருஷத்துக்கு முன்னால அவ ஹாஸ்டலுக்குப் போய், உங்கம்மா அதைத் திறந்துகூடப் பாக்கலம்மான்னு நான் உனக்காக சத்தியம் பண்ணிட்டு வந்தேன். அவ அப்போ என்னை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கொண்டுவந்து விட்டா. நான் புளுகறேன்னு தெரிஞ்சேதான் பஸ் ஏத்தி விட்டிருக்கா. என்னை எதுக்கு அக்கா இப்படி ஆக்கின?

தம்பி

*

செப்டம்பர் 23

தம்பி,

படிச்சேன்.

பத்துப் பக்கம் இல்லடா. நாலு நோட்டும். நின்னுக்கிட்டு இல்ல, நாற்காலியில உக்காந்து, சாப்பாட்டு நேரத்துல கதவைச் சாத்திக்கிட்டு மூணு நாள் படிச்சேன். முதல் பக்கத்திலேயே அவ கையெழுத்துன்னு தெரிஞ்சு போச்சு. பெத்தவளுக்குத் தெரியாதா?

அது முழுக்க என்னைப் பத்தி. பேரை மாத்தியிருந்தா, வேலையைக்கூட மாத்தல. அவ அப்பா செத்த நாலாம் நாள் நான் நூலகத்தைத் திறக்கப் போனேனே, உனக்கு ஞாபகம் இருக்கா? அவளையும் கூட்டிட்டுப் போய் மேஜைக்கு அடியில உக்கார வச்சேன். ஒன்பது வயசு. அன்னைக்கு முழுக்க நான் அவகிட்ட ஒரு வார்த்தை பேசலையாம். ஒரு புத்தகம் காணோம்னு தேடிட்டே இருந்தேனாம். சாயங்காலம் அது கிடைச்சப்போ எனக்கு அழுகை வந்துச்சாம். அப்பாவுக்கு வராத அழுகை அந்தப் புத்தகத்துக்கு வந்துச்சுன்னு எழுதியிருந்தா. அத்தனையும் உண்மை தம்பி. ஒரு வரிகூட அவ கூட்டிச் சொல்லல. அந்தப் புத்தகம் என்னன்னுகூட எனக்கு ஞாபகம் இருக்கு.

பொய்யா இருந்திருந்தா விட்டிருப்பேன். மோசமா எழுதியிருந்தாலும் விட்டிருப்பேன், யார் அச்சடிக்கப் போறாங்கன்னு. நல்லா எழுதியிருந்தாடா. இத்தனை வருஷத்துல எத்தனை புத்தகம் என் கையில வந்து போயிருக்கு, எனக்குத் தெரியாதா எது நிக்கும் எது நிக்காதுன்னு? இது நிக்கும். அச்சாகி, எங்க பள்ளிக்கூடத்துக்கே வரும், நானே முத்திரை குத்தி அலமாரியில அடுக்கணும், டீச்சருங்க எடுத்துட்டுப் போய்ப் படிச்சுட்டு என்னைப் பாப்பாங்க. அந்த அவமானத்தை நினைச்சேன். கட்டின கட்டைப் பிரிச்சு, நடுவுல வச்சு, திரும்பக் கட்டினேன். லாரி வந்தப்போ நானே தூக்கிக் குடுத்தேன்.

உன்னைப் புளுகனாக்கினது நான்தான். என்னை மன்னிச்சுடுன்னு கேக்கற தகுதிகூட எனக்கு இல்ல.

சனிக்கிழமை காலை வண்டியில வர்றேன். ஸ்டேஷனுக்கு வா. அவகிட்ட நேர்ல சொல்லிடறேன். சொன்னா ஏதாவது மாறும்னு நினைக்கறேன். மாறாதா? நீ பதில் எழுத வேண்டாம், லெட்டர் வர்றதுக்குள்ள நான் கிளம்பியிருப்பேன்.

அக்கா

*

செப்டம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாப் போய்ச் சேந்தியா? போய்ச் சேந்தேன்னு ஒரு வார்த்தை வரல. வண்டியேறும்போது பையை மடியில வச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்தியே, நான் கையாட்டினதைக்கூட நீ பாக்கல. உன் மேல எனக்கு இருந்த கோபமெல்லாம் அப்பவே போயிடுச்சு. இருந்தாலும் கொஞ்சம் இருக்கு, பொய் சொல்லல.

அன்னைக்கு உள்ள நுழைஞ்சதும் நீ வரைபடம்கூட வாங்காம விறுவிறுன்னு பதினோராவது வரிசைக்கு நடந்தியே, என்னால கூட வர முடியல. இத்தனை வருஷம் கண்காட்சிக்குப் போனவ, ஒரு கடையைத் திரும்பிப் பாக்கல. வரிசையில நீயே தனியா நிக்கறேன்னு சொன்ன. நான் தண்ணி வச்சிருக்கற இடத்துல நின்னு பாத்தேன். உனக்கு முன்னால பதிமூணு பேர். நடுவுல ரெண்டு தடவை வரிசையை விட்டு வெளிய வந்து திரும்பப் பின்னால போய் நின்னதையும் பாத்தேன்.

அவ முன்னால நீ ரெண்டு நிமிஷம்கூட நிக்கல. என்ன பேசினீங்கன்னு எனக்குக் கேக்கல. ஆனா ஒண்ணு பாத்தேன் அக்கா. குனிஞ்சு எழுதிட்டே இருந்தவ ஒரு தடவை நிமிந்து உன் முகத்தைப் பாத்தா. நல்லாப் பாத்தா. நான் பொய் சொல்லல. அந்தப் பார்வையில கோபம் இல்ல. அப்போ ஏதோ நல்லது நடந்துச்சுதானே? வீட்டுல இவகிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். அடுத்த தடவை வாலு வந்தா நம்ம வீட்டுலதான் தங்கணும், மெத்தை வாங்கணும்னு இவ ஆரம்பிச்சுட்டா.

மறுநாள் கண்காட்சி முடியற அன்னைக்கு நான் மட்டும் மறுபடி போனேன். அவ ஊருக்குக் கிளம்பிட்டாளாம். எந்த ஊர்னு சொல்லல.

என்ன ஆச்சுன்னு எழுது. சாப்பிடு.

தம்பி

*

அக்டோபர் 4

தம்பிக்கு,

நீ நினைக்கற மாதிரி ஒண்ணும் நடக்கல. உன் வீட்டுக்காரிகிட்ட மெத்தை வாங்க வேண்டாம்னு சொல்லு.

என் முறை வந்ததும் புத்தகத்தை நீட்டினேன். அவ என்னைப் பாக்கல. கையைப் பாத்தே தெரிஞ்சிருக்கும், ஆனாலும் எல்லாரையும் கேக்கற மாதிரியே, "யார் பேருக்கு எழுதட்டும்?"னு கேட்டா. குரல்ல ஒரு நடுக்கம் இல்லடா. நான் வண்டியில வரும்போது மனப்பாடம் பண்ணிட்டு வந்ததெல்லாம் மறந்து போச்சு. "நாலு நோட்டும் படிச்சேன். தெரிஞ்சுதான் போட்டேன்"னு சொன்னேன்.

"தெரியும்" அப்படின்னா. பேனா நிக்கவே இல்ல, தேதியை எழுதிட்டிருந்தா.

எனக்குப் பின்னால நின்ன அம்மா நகருங்கன்னு முதுகுல தட்டினாங்க. வேற என்ன சொல்றதுன்னு தெரியாம, "ரொம்ப நல்லா இருந்துச்சு"ன்னு சொன்னேன். அப்பத்தான் நிமிந்து பாத்தா. நீ பாத்தது அதுதான். கோபம் இல்லைன்னு சொன்ன, சரிதான். கோபம் இருந்திருந்தா நான் அவ காலைப் பிடிச்சிருப்பேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "அதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் எங்கேயும் போயிருக்க மாட்டேன்"னா. புத்தகத்தை என் கையில குடுத்தா. அடுத்த அம்மா நீட்டின புத்தகத்தை வாங்கிக்கிட்டா. நன்றின்னுகூடச் சொன்னா, எல்லாருக்கும் சொல்ற மாதிரி.

அவ்வளவுதான் தம்பி. இனிமே நான் சொல்றதுக்கு எதுவும் பாக்கி இல்ல. ஏழு வருஷமா, உண்மையைச் சொன்னா சரியாப் போயிடும்னு உள்ளுக்குள்ள ஒரு நினைப்பு இருந்துச்சு. சொல்லாம வச்சிருந்த வரைக்கும் அந்த நினைப்பாவது இருந்துச்சு.

புத்தகத்தை வண்டியிலேயே பிரிச்சேன். பயந்துக்கிட்டுதான் பிரிச்சேன். அந்த நோட்டுல இருந்ததெல்லாம் இதுலயும் இருக்கும், மறுபடி எழுதியிருப்பா, இன்னும் காட்டமா எழுதியிருப்பான்னு நினைச்சேன். எழுதட்டும், தலை குனிஞ்சு வாங்கிக்கலாம்னு தயாரா இருந்தேன்.

ஒரு பொண்ணு, அவளோட அப்பா, அவங்க இருக்கற வீதி. அப்பா செத்துப் போறாரு. லிஃப்ட் ரிப்பேர் பண்ற மாமா ஒருத்தர் வர்றாரு, நல்ல மனுஷன், வாயைத் திறந்தா ஜோக். ஆமாடா, நீதான். உன்னை ரொம்ப அழகா எழுதியிருக்கா, படிச்சா அழுதுடுவ. எதிர் வீட்டு நாய்கூட இருக்கு. அந்தப் பொண்ணு தானே தலை பின்னிக்கறா, தானே சமைச்சுக்கறா, காய்ச்சல் வந்தா தானே மாத்திரை போட்டுக்கறா. அம்மான்னு ஒருத்தி இல்ல. செத்துட்டான்னும் இல்ல, ஓடிட்டான்னும் இல்ல. முந்நூத்திப் பன்னெண்டு பக்கத்துல ஒருத்தரும் அந்தப் பொண்ணைப் பாத்து உங்கம்மா எங்கேன்னு கேக்கல.

திட்டியாவது வச்சிருக்கலாம் தம்பி. ஒரு வரி போதும். ரெண்டு தடவை முழுசாப் படிச்சுட்டேன். எங்கேயாவது கண்ணுல படாம விட்டிருப்பேனோன்னு, காலையில இருந்து திரும்ப முதல்ல இருந்து படிச்சிட்டிருக்கேன்.

அக்கா